மேகாங் கரையிலே

குருத்துவ வெள்ளிவிழா முடிந்த மறுவாரம் மேதகு ஆயர் என்னை அழைத்து, "இருபத்தைந்து ஆண்டுகளில் முழுமையாக ஓய்வெடுத்ததுண்டா? ஒரு மாதம் எங்கேனும் போய் வாருங்கள்" என்று பணித்தார். பங்கு மக்கள் நான் உரோமைக்கோ எருசலேமுக்கோ செல்வேன் என்றே எண்ணினர். அங்கிருந்து வாங்கிவர வேண்டிய செபமாலைகளுக்குச் சிலர் பட்டியலும் தயாரித்துவிட்டனர். நான் மேகாங் என்றதும், "அது எந்தத் திருத்தலம், சாமி?" என்று ஓர் அம்மையார் கேட்டார்.

மேகாங் திருத்தலமன்று, ஆறு. திபெத்தியப் பீடபூமியில் பிறந்து, சீனம், மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்னும் ஆறு நாடுகளைத் தொட்டு, 4,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தென்சீனக் கடலில் கலக்கிறது. தாய் மொழியிலும் லாவோ மொழியிலும் ஆறு என்பதற்கு வழங்கும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'நீரின் தாய்' என்று பொருள்படும்.

இந்த ஆற்றை என் தலையில் ஏற்றிவிட்டவர், முன்பு நான் பணியாற்றிய பங்கின் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தம் பெயரை எழுதலாகாது என்று உறுதி வாங்கிக்கொண்டமையால் வாத்தியார் என்றே இங்கும் குறிப்பிடுகிறேன். 1975-இல் புனோம்பென் வீழ்ந்த செய்தியையும், அதே மாதக் கடைசியில் சைகோன் வீழ்ந்த செய்தியையும் தேநீர்க்கடை வானொலியில் கேட்டபோது அவருக்கு வயது பதினான்கு. அன்று முதல் அந்தப் பெயர்கள் அவர் மனத்தில் ஒலித்துக்கொண்டே இருந்தனவாம். "ஒரு சுற்றுலாக் குழுவோடு போனால் ஆகும் செலவில் பாதியில் நாம் இருவரும் போய்வரலாம், சாமி, ஆனால் முதுகில் பை சுமக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பையில்லாமல் அனுப்பப்பட்ட சீடர்களின் வழிவந்தவனாகிய நான் ஐம்பத்து நான்காம் வயதில் முதன்முறையாக ஒரு முதுகுப்பை வாங்கினேன்.

ஏழு கிலோவுக்கு மேல் ஒருவரும் சுமக்கலாகாது என்பது வாத்தியாரின் சட்டம். இரண்டு மாற்றுடை, ஒரு கைலி, மருந்துகள், கட்டளைச் செபநூல், சிறிய திருப்பலிப் பேழை: என் பை ஏழரைக் கிலோ நின்றது. காலணி ஒரு சோடியை எடுத்து வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அவர் பையில் நீண்ட கணக்கேடு ஒன்று இருந்தது. பாட், கிப், ரியல், டாங் என நான்கு நாட்டு நாணயத்திற்கும் நான்கு பத்திகள். ஒவ்வொரு நாளிரவும் அன்றைய செலவைச் சரிபாதியாகப் பிரித்து எழுதிவிட்டே உறங்குவார்.

2023 நவம்பர் முதல் வாரத்தில், தாய்லாந்தின் வடக்கெல்லையிலுள்ள சியாங்கோங் என்னும் சிற்றூருக்கு அருகே, 2013-இல் திறக்கப்பட்ட நட்புறவுப் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து லாவோஸுக்குள் நுழைந்தோம். அங்குப் பணம் மாற்றியதும் இருவரும் இலட்சாதிபதிகளானோம். நம் ஒரு ரூபாய்க்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட கிப் கிடைத்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐம்பதாயிரம் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சடைத்தது, வாத்தியார் சிரித்தார்.

ஹுவேசாய் துறையிலிருந்து லுவாங் பிரபாங் வரை இரண்டு நாள் படகுப் பயணம். நீண்டு ஒடுங்கிய மரப்படகு. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய இருக்கைகளை அதன் தளத்தில் வரிசையாக வைத்திருந்தனர். நடுவே பாக்பெங் என்னும் ஊரில் இராத்தங்கல். பன்னாட்டு இளைஞர்கள் முன்னால் அமர்ந்து சீட்டாடினர். பின்புறம் எந்திரத்தின் இரைச்சலுக்கருகே அரிசி மூட்டைகளோடும் கோழிகளோடும் உள்ளூர் மக்கள். வாத்தியார் பின்புறமே போய் அமர்ந்தார். மொழி தெரியாது, கையசைவும் எண்களும் போதுமானவையாயிருந்தன. மாலைக்குள் பாதிப் படகுக்கு அவர் நண்பர். கரையில் நட்டிருந்த ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி, "இந்த எழுத்து எங்கேயோ பார்த்ததுபோல் இல்லையா, சாமி?" என்றார். இருக்கத்தான் செய்தது. தாய், லாவோ, கெமர் எழுத்துகள் யாவும் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தவை. நம் கடற்கரையிலிருந்து மரக்கலத்தில் சென்ற எழுத்து, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெட்டிக்கடையின் பலகையிலிருந்து எங்களைப் பார்த்தது.

ஆற்றின் இருமருங்கும் காடு. இடையிடையே மணற்றிட்டுகளில் நிலக்கடலைப் பாத்திகள். வெள்ளம் வடிந்தவுடன் அந்த வண்டலில் பயிரிட்டு, அடுத்த வெள்ளம் வருமுன் அறுத்துவிடுவார்களாம். லுவாங் பிரபாங்கை நெருங்கும்போது அந்த அமைதியின் நடுவே திடீரெனப் பாறையுடைக்கும் ஓசை. நகருக்கு மேலே ஒரு பேரணை கட்டப்பட்டு வருகிறது. கீழே சாயபுரியில் கட்டிய அணை 2019-இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டின் இறுதியில், செம்பழுப்பாக ஓடவேண்டிய மேகாங் சில இடங்களில் நீலநிறமாகத் தெளிந்தது. பார்ப்பவர்க்கு அழகுதான், மீனவர்கள் அஞ்சினர். தெளிந்த நீரென்றால் வண்டல் இல்லை, வண்டல் இல்லையென்றால் மீனுக்கும் பயிருக்கும் உணவில்லை.

லுவாங் பிரபாங் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அதைப் புகழாதவர் இல்லை. விடியற்காலையில் காவியுடைத் துறவிகள் வரிசையாக வர, தெருவோரம் முழந்தாளிட்ட பெண்கள் பசையரிசிச் சோற்றை ஒவ்வொருவர் பாத்திரத்திலும் ஒரு பிடி இடுகிறார்கள். ஒரு சொல் பேச்சில்லை. அவர்கள் முகத்துக்கு நேரே ஒளிக்கருவியை நீட்டிய பயணிகளைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது. என் கையிலும் ஒன்று இருந்ததை உணர்ந்து பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தலைநகர் வியந்தியனுக்கு 2021 திசம்பரில் திறக்கப்பட்ட புது இரயிலில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டோம். படகில் இரண்டு நாள் வந்தவர்க்கு இந்த வேகம் ஏதோ ஏமாற்றுவேலைபோல் தோன்றிற்று. அங்கே, குண்டுகளால் கைகால் இழந்தோர்க்குச் செயற்கை உறுப்புச் செய்யும் நிலையம் ஒன்றின் காட்சிக்கூடம் உண்டு. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இச்சிறு நாட்டின்மீது இருபது இலட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டின. பறந்த தடவைகள் 580,000. வாத்தியார் சுவரோரம் நின்றபடியே ஏட்டைத் திறந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு நிமிடங்கள் 4,730,400, வகுத்தால் எட்டு. "இரவும் பகலும் எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒன்பது வருடம்" என்று மெதுவாகச் சொன்னார். ஆரஞ்சுப் பழத்தளவுள்ள கொத்துக்குண்டுகள் 27 கோடி வீசப்பட்டன. அவற்றுள் பத்தில் மூன்று பங்குவரை வெடிக்காமல் மண்ணிலேயே தங்கிவிட்டதாக மதிப்பிடுகிறார்கள். இன்றும் உழும்போது வெடிக்கின்றன. பந்தென்று எண்ணிக் குழந்தைகள் எடுக்கின்றனர்.

தெற்கே பாக்சேக்கு இரவுப் பேருந்து. படுக்கை வசதியுள்ளது என்று பெருமையாகச் சீட்டு வாங்கினோம். ஏறிய பிறகே ஒரு படுக்கை இருவர்க்கு என்பது தெரிந்தது. அகலம் மூன்று முழம் இருக்கலாம். பங்குத்தந்தையும் கணக்கு வாத்தியாரும் விடியும்வரை ஒருவர் முழங்கையை ஒருவர் விலாவில் தாங்கிக் கிடந்தோம்.

என் குறையை இங்கே சொல்லியாக வேண்டும்.

லாவோஸின் தென்கோடியில் மேகாங் பல கிலோமீட்டர் அகன்று எண்ணற்ற தீவுகளாகச் சிதறுகிறது. 'நாலாயிரம் தீவு' என்று அவ்விடத்திற்கு லாவோ மொழியில் பெயர். அதன் கீழ்முனையில் கோன் அருவிகள். சீனத்திற்கு நீர்வழி காண 1866-இல் சைகோனிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சு ஆய்வுக்குழுவின் கனவை உடைத்தவை இவையே. குழுத்தலைவர் தூதார் த லாக்ரே 1868-இல் யுன்னானில் நோயுற்று மாண்டார். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் தீவுகளின் குறுக்கே இருப்புப்பாதை போட்டு, கப்பல்களைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஏற்றி, அருவிக்கு மேலே கொண்டுசென்றனர். அந்தப் பாதையின் பாலமும் துருப்பிடித்த இரயில் எந்திரமும் இன்றும் நிற்கின்றன.

அந்த எந்திரத்தைக் காலையொளியில் பார்க்க வேண்டுமென்று வாத்தியார் விடியுமுன்பே மிதிவண்டி எடுத்துப் போனார். எட்டு மணிக்குப் படகு, அக்கரையில் வண்டி, அன்றே கம்போடிய எல்லை, அங்கிருந்து சியாம்ரீப், அங்கோர் கோயில்கள். அங்கோரைக் காண்பது குருமடத்து நாள் முதல் என் ஆசை. எட்டாயிற்று, எட்டரையாயிற்று. ஒன்பதே காலுக்கு அவர் சக்கரம் பஞ்சரான மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். படகு போய்விட்டது. அடுத்த வண்டியில் இடம் இரண்டு நாள் கழித்தே கிடைத்தது. திரும்பும் விமானத்தின் தேதியை மாற்ற இயலாது. அங்கோர் கைவிட்டுப் போயிற்று.

மணியடித்தால் நகரவேண்டும் என்னும் ஒழுங்கில் வளர்ந்தவன் நான். அது ஒரு சாக்கு. "உங்களை நம்பி வந்தது என் தவறு" என்றேன். அறுபத்திரண்டு வயதுடைய மனிதரிடம், பிறர் முன்னிலையில் சொன்னேன். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார். அந்த இரண்டு நாளும் வேண்டிய அளவே பேசினோம். இரவில் அவர் கணக்கெழுதும் விளக்கொளி மட்டும் எரிந்தது. ஊஞ்சற்படுக்கையில் கிடந்து செபநூலைப் புரட்டினேன். ஒரு வரியும் மனத்தில் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்பது எப்படியென்று வாரந்தோறும் பிறர்க்குக் கற்பிக்கும் எனக்கு, நாலடி தள்ளியிருந்த அறைக்கதவைத் தட்ட இயலவில்லை.

பிறகு ஒரு முழு நாள் வண்டியில் குலுங்கிப் புனோம்பென் சேர்ந்தோம். நகரத்தின் பழம்பெயர் சக்தோமுக், அதாவது சதுர்முகம். மேகாங், தோன்லேசாப், பாசாக் ஆகியவற்றின் நான்கு கிளைகள் அங்கே நான்கு முகங்களாகப் பிரிகின்றன. தோன்லேசாப் ஆற்றின் இயல்பு விந்தையானது. மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது அதன் நீர் இவ்வாற்றில் எதிர்முகமாக ஏறிப் பேரேரியை நிரப்புகிறது. ஏரி பலமடங்கு விரிகிறது. மழை ஓய்ந்ததும் ஆறு திசைமாறிக் கடல்நோக்கி ஓடுகிறது. அத்திருப்பத்தை ஒட்டியே அம்மக்கள் நவம்பர் வாக்கில் படகுப் பந்தயத் திருவிழா கொண்டாடுகின்றனர்.

1975 ஏப்ரல் 17 அன்று இந்நகருக்குள் புகுந்த கெமர்ரூஜ் படையினர், மருத்துவமனை நோயாளிகள் உட்பட ஏறத்தாழ இருபது இலட்சம் மக்களை வெளியே துரத்தினர். 1979 சனவரி வரை நீடித்த அவ்வாட்சியில் ஏறக்குறைய பதினேழு இலட்சம் பேர் பசியாலும் உழைப்பாலும் கொலையாலும் இறந்தனர். நகரின் பேராலயத்தைக் கல்கல்லாகப் பெயர்த்தெறிந்தனர். நகர் வீழ்வதற்கு மூன்று நாள் முன்பு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட யோசேப்பு சிமார் சலாஸ் — கெமர் இனத்தின் முதல் ஆயர் — வயலுழைப்புக்கு அனுப்பப்பட்டு 1977-இல் இறந்தார்.

துவோல் சிலெங் ஒரு பள்ளிக்கூடம். மூன்று மாடி, நீண்ட தாழ்வாரங்கள், முற்றத்தில் மரங்கள். நம் ஊரில் எந்தப் பங்குப் பள்ளியாகவும் அது இருக்கலாம். அதைச் சிறையாக்கி, 12,000-க்கும் மேற்பட்டோரை அங்கு வதைத்துப் பின்னர் கொன்றார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு கைதிக்கும் நிழற்படம் எடுத்து, எண் கொடுத்துக் கோப்பில் வைத்தனர். அம்முகங்கள் அறை அறையாகப் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் குழந்தைகளும் உண்டு. முற்றத்தில் மாணவர் உடற்பயிற்சிக்கென நட்டிருந்த மரச்சட்டம் ஒன்று நிற்கிறது. அதில் கைதிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழேயுள்ள சாடிகளில் முக்கினார்கள்.

வாத்தியார் அச்சட்டத்தருகே நின்றுவிட்டார். மேற்கொண்டு வரவில்லை. நான் இரண்டு கட்டடங்களையும் முடித்துத் திரும்பியபோதும் அங்கேயே ஒரு திண்ணையில் அமர்ந்திருந்தார். விளக்கவுரைத் தாள் அவர் மடியில் இருந்தது. "இதை நடத்தியவன் கணக்கு வாத்தியார், சாமி" என்றார்.

உண்மை. தோழர் துயிக் என்று அறியப்பட்ட காங் கேக் இயேவ் கணித ஆசிரியராயிருந்தவர். ஒவ்வொரு வாக்குமூலத்தின் ஓரத்திலும், மாணவன் ஏட்டைத் திருத்துவதுபோல் குறிப்பெழுதினார். ஆட்சி வீழ்ந்தபின் பெயர்மாற்றி மறைந்து வாழ்ந்தார். 1990-களில் கிறிஸ்தவ சபையொன்றில் திருமுழுக்குப் பெற்றார். அகதிகளிடையே தொண்டும் செய்தார். 1999-இல் அடையாளம் காணப்பட்டார். நீதிமன்றத்தில் தம் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்டார்; விசாரணையின் கடைசி நாளில் தம்மை விடுவிக்கவும் கேட்டார். 2012-இல் ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. 2020-இல் இறந்தார்.

நான் அவரருகில் திண்ணையில் அமர்ந்தேன். "இங்கே வருவதற்காகத்தான் நாற்பத்தெட்டு வருடம் காத்திருந்தேன் போலிருக்கிறது" என்றார். சற்றுப் பொறுத்து, "முப்பது வருடத்தில் எத்தனை பையன்களை அந்தக் கம்பால் அடித்திருப்பேன். தப்பு ஒன்றுக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்திருந்தேன்" என்றார். அதற்கும் இதற்கும் ஒப்பீடு ஏது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை என்பது தெரிந்தது, பேசாதிருந்தேன். பிறகு, தீவில் சொன்ன சொல்லுக்காக மன்னிக்கக் கேட்டேன். "அதை விடுங்கள், சாமி" என்றார், முற்றத்தைப் பார்த்தபடியே.

உத்தரிக்கும் ஆன்மாக்களின் மாதமாகையால் அன்று மாலை விடுதியறையில், இறந்தோர்க்கான திருப்பலி ஒப்புக்கொடுக்க ஆயத்தம் செய்தேன். நாற்காலியின்மேல் பலகை, அதன்மேல் வெள்ளைத் துணி. மக்கள் என்று இருந்தவர் வாத்தியார் ஒருவரே. கருத்து என்னவென்று கேட்டார். அந்தப் பள்ளியில் இறந்தவர்களுக்காக என்றேன்.

"அவனையும் சேர்த்தா, சாமி?"

குருமடத்தில் இக்கேள்விக்கு நான் கற்ற விடை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடத்தக்கது, பிழையற்றதுங்கூட. அந்த முகங்களை நண்பகலில் பார்த்துவிட்டு வந்தவன் வாயில் அது வரவில்லை. "தெரியவில்லை, வாத்தியாரே. தொடங்குவோம்" என்றேன். இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் வழக்கத்தைவிட நெடுநேரம் மௌனமாக நின்றேன். அந்த மௌனத்தில் யார் யாரை நான் சேர்த்தேன் என்று அவர் பின்னும் கேட்கவில்லை.

புனோம்பென்னிலிருந்து படகேறி மேகாங் வழியே வியட்நாமின் சாவ்தோக் நகரில் இறங்கினோம். அங்கே எழுத்து உரோமன் எழுத்து; தலையிலும் காலிலும் குறியிட்டு எழுதுகிறார்கள். சேசுசபைக் குருக்கள் தொடங்கிய முறை அது. அவர்களுள் அலெக்சாந்தர் த ரோட்ஸ் தொகுத்த அகராதி 1651-இல் உரோமையில் அச்சாயிற்று. நம் தமிழ் 1578-லேயே கொல்லத்தில் தன் எழுத்திலேயே அச்சேறியதை நினைத்துச் சற்றே பெருமிதம் கொண்டேன். வாத்தியார் அதையும் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

கழிமுகத்தை வியட்நாமியர் 'ஒன்பது டிராகன்கள்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கண்ணுக்கெட்டியவரை நெல்லும் வாய்க்காலும் தென்னையுமாகத் தஞ்சைத் தரணியை ஒத்த நாடு. காவிரியின் கடைமடை உழவர் படும் பாட்டை இங்கும் கண்டேன்: மேலே அணைகள் வண்டலையும் நீரையும் தடுக்க, கோடையில் கடலின் உப்பு நீர் வாய்க்கால்களில் ஏறி வயலைக் கெடுக்கிறது. கான்தோ நகரின் கைராங் மிதக்கும் சந்தையில் வணிகப் படகுகளைவிட எங்களைப் போன்ற பயணிகளின் படகுகளே மிகுந்திருந்தன. சாலைகள் வந்தபின் ஆற்றுவணிகம் குறைந்துவிட்டதாம். ஒரு படகிலிருந்த மூதாட்டியிடம் அன்னாசி வாங்கினோம். திருகிச் செதுக்கிக் காம்போடு கையில் கொடுத்தார். அதன் இனிமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமில்லை.

கடைசி இரவு அவ்வூர் விடுதியில் வாத்தியார் ஏட்டை விரித்துக் கணக்கை முடித்தார். இருபத்து நான்கு நாள், நான்கு நாணயம். என் பங்கும் அவர் பங்கும் ஏறத்தாழ ஒன்றாயிருக்க வேண்டும். அவருடையது சற்று மிகுந்திருந்தது. ஏட்டை வாங்கிப் புரட்டினேன். தீவில் தவறிய இரண்டு நாள் அறைவாடகை மூன்று இலட்சம் கிப் முழுவதையும் அவர் தம் பெயரிலேயே எழுதியிருந்தார்.

அதை அடித்துவிட்டுச் சரிபாதியாக எழுதும்படி சொன்னேன். என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பின் பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நூற்றைம்பதாயிரம், நூற்றைம்பதாயிரம் என்று எழுதினார். என்னிடம் கிப் மீதமில்லாமையால் டாங்காகக் கொடுத்தேன். இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டார்.